இருபத்து நாலு சீட்டு

டப்பாவைத் தள்ளியது என் முழங்கைதான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அந்த வகுப்பறையில் என்னைத் தவிர ஆளே இல்லை.

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கைகழுவும் தொட்டி உண்டு. பலகை துடைக்கும் பஞ்சு ஊறட்டும் என்று அதை அடைத்துத் தண்ணீர் பிடித்து வைத்தவன் நான். அதன் விளிம்பில், உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல, எங்கள் பேராசிரியர் ஓட்டோ சாரின் பழைய பிஸ்கட் டப்பாவை வைத்தவனும் நான். பிறகு மேசை விரிப்பை எடுத்து ஒரு உதறு உதறினேன்.

தொப்!

மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். நாலாக மடித்த இருபத்து நாலு சீட்டுகளும் தண்ணீரில் குட்டி வாத்துகள் மாதிரி மிதந்தன.

ஹங்கேரியில் எங்கள் செகெட் பல்கலைக்கழகத்தில், கணிதத்திலும் புள்ளியியலிலும் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவன் இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு பெரிய வாய்மொழித் தேர்வைத் தாண்ட வேண்டும். கறுப்புக் கோட்டு, டை, மூன்று தேர்வாளர்கள். டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்தவன் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுச் சீட்டை மடித்து டப்பாவிலேயே போட்டுவிடுவான். கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் அந்த எண்ணுக்கு உள்ள பாடம்தான் அவன் தலையெழுத்து. அரை மணி யோசிக்கலாம். பிறகு பேச வேண்டும். மேசை விரிப்பு, சோடா, காபி, பாலாடைக்கட்டி வைத்த பொகாச்சா ரொட்டி எல்லாம் தேர்வுக்கு வருகிறவன் செலவு. அறையைத் தயார் செய்வதும் அவன் வேலை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் தேர்வு. தோற்றால் இடமும் உதவித்தொகையும் போய்விடும். ஊரில் அப்பாவின் டயர் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி இப்போதே தூசி தட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தேன். ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. எல்லாம் வெற்றுக் காகிதம்.

தண்ணீரைப் பார்த்தேன். சாக்பீஸ் கரைந்த வெள்ளை நிறம். மையின் சாயல் ஒரு சொட்டுக்கூட இல்லை. 'எவ்வளவு பழைய மையோ பாவம், தடமே இல்லாமல் கரைந்துவிட்டதே!' என்று வருந்தினேன். புள்ளியியலில் முனைவராக ஆசைப்படுகிறவன், கண்முன் இருந்த தரவைப் பார்த்து எடுத்த முடிவு இது.

அது ராசியான டப்பா என்று பெயர் வாங்கியது. முப்பது சொச்சம் வருடங்களில் அதில் கைவிட்டவர் யாரும் தோற்றதில்லை. கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "எனக்கு நல்லாத் தெரிஞ்சதே வந்துச்சு." இப்படி நடப்பதற்கான நிகழ்தகவை ஒருநாள் பீர் கடையில் காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பூஜ்யங்கள் கைக்குட்டைக்குள் அடங்கவில்லை. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டோம்.

சீட்டுகளை முதலில் காய வைப்போம் என்று வாசல் காவல் அறைக்கு ஓடினேன். அங்கே காவல் பார்க்கும் பிரோஷ்கா அத்தை சாவிகளுக்கு நடுவே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டடம் கட்டியபோதே அவரையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள் என்று எங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம்.

"அத்தை, ஹேர் டிரையர் இருக்கா?"

அவர் என் தலையைப் பார்த்தார். அங்கே காய வைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

"எதுக்குடா கண்ணு?"

"நாளைக்குத் தேர்வு."

"ஓ," என்று எடுத்துக் கொடுத்தார். கணிதக்காரர்களோடு வாழ்ந்து பழகியவர். மேலே எதுவும் கேட்கவில்லை.

ஜன்னல் திண்டில் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி, டிரையரை முழு வேகத்தில் வைத்தேன். ஜூன் மாதம், ஜன்னல் திறந்திருந்தது. இரண்டாம் மாடி. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

முற்றத்தில் தவழ்ந்து தவழ்ந்து பத்தொன்பது சீட்டுகளைப் பிடித்தேன். பிரோஷ்கா அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பண்றே, புல் மேயுறியா?"

"சீட்டு, அத்தை. ஓட்டோ சார் டப்பா. தண்ணில விழுந்து எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. நான் செத்தேன்."

"எழுத்து அழிஞ்சு போச்சா?" அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அவசரமாக உள்ளே போய் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். அதையும் மீறி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதுபோல இருந்தது.

சரி, புதிதாகவே செய்துவிடுவோம். ஆனால் பழைய சீட்டில் என்ன எழுதியிருந்தது? எண் மட்டுமா, பாடத்தின் பெயருமா? என்ன மை? ஓட்டோ சாருக்குக் கண் கூர்மை. தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் முறை.

எங்கள் துறையில் யாரும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. காபி இருக்கிறதா என்று கேட்டால்கூட, "எந்த நிபந்தனையில்?" என்பார்கள். அன்றைக்கு அதுவும் எல்லை மீறியது.

முதலில் கொர்னேல். போன வருடம்தான் தேர்ந்தவன், அடுத்த நாற்காலிக்காரன்.

"டேய் கொர்னேல், நீ எடுத்த சீட்டுல நீல மையா, கறுப்பு மையா?"

காபி அவன் மூக்கு வழியாக வந்தது. "ஏன் கேக்குறே? யார் என்ன சொன்னா?"

"சும்மாதான்டா."

"நீலம். ஆமா, நீலம். நல்ல நீலம்." கண்ணாடியைத் துடைத்தான். "எனக்குக் கிளாஸ் இருக்கு."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"தயார் பண்ணணும்ல!" ஓடிவிட்டான்.

அடுத்தது எமோகெ மேடம். பதினைந்து வருடம் முன்பு இதே டப்பாவில் கைவிட்டவர். நாளைக்கு என் தேர்வாளர்களில் ஒருவர். நாளைய தேர்வுக்காகவே ஞாயிற்றுக்கிழமையும் அறையில் இருந்தார். கேட்டதும் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சிவப்பு."

"கையெழுத்தா மேடம்?"

"டைப் அடிச்சது."

"சிவப்பு மையில டைப்பா?"

"பர்னபாஷ், நாளைக்குத் தேர்வை வச்சுக்கிட்டு மையைப் பத்தி ஏன்ப்பா பேசறே? போய்ப் படி!" பாவம், கேள்வித்தாள் ரகசியம் காக்கிறார் என்று மரியாதை கூடியது.

மூன்றாவதாக, இப்போது புதாபெஸ்தில் காப்பீட்டுக் கணக்குப் பார்க்கும் ஜொல்டானுக்குப் போன் போட்டேன். கேள்வியைக் கேட்டதும் வைத்துவிட்டான். ஐந்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"பர்னா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பட்டத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"உன் பட்டத்துக்கு என்னடா ஆகும்?"

"நல்லவேளை. நான் இந்தப் போன்ல பேசவே இல்ல." மறுபடி வைத்துவிட்டான்.

நீலம், சிவப்பு, மௌனம். மூன்று தரவுகளின் சராசரி எடுத்தேன்: எண் நீலத்தில், அடியில் ஒரு சிவப்புக் கோடு. வீட்டுக்குப் போய் இருபத்து நாலு சீட்டு வெட்டி, எழுதி முடித்தால், காகிதம் பளீரென்று வெள்ளையாக இருந்தது. பழசாக்க வேண்டுமே! தேநீரில் முக்கினேன். வீட்டில் இருந்தது செர்ரித் தேநீர். சீட்டுகள் ரோஜா நிறமாகி, கல்யாணப் பத்திரிகை வாசனை அடித்தன. வாசனை போக அடுப்பில் சுட்டேன். பொகாச்சாவும் அதே அடுப்பில் இருந்ததால், வாசனை போகவில்லை, கூடியது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

எனக்கு நாலாம் எண் பாடம், மார்க்கோவ் சங்கிலிகள், தண்ணீர் பட்ட பாடு. பதினேழாம் எண் மட்டும் சுத்தமாக வராது. அரிய நிகழ்ச்சிகள் எவ்வளவு அரிதாக நடக்கும் என்று சொல்கிற பாடம் அது. படிக்க உட்கார்ந்தாலே தூக்கம் வரும். இப்போதோ சீட்டு என் கையில். நாலாம் சீட்டின் மூலையைக் கொஞ்சமாக மடித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

மடித்தேன்.

ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்தேன். முப்பது வருடமாக அத்தனை பேரும் நேர்மையாகக் கைவிட்டு எடுத்த டப்பா. கொர்னேல், எமோகெ மேடம், ஜொல்டான். எல்லோரும் எவ்வளவு யோக்கியமாகத் தேர்ந்திருக்கிறார்கள்! நான் மட்டும் இந்தக் குடும்பத்தின் கறுப்பு ஆடாகவா? வெட்கமாகிவிட்டது. மூலையை நீவி நிமிர்த்தினேன். மடிப்புத் தடம் போகவில்லை. வேறு வழியில்லாமல் மீதி இருபத்து மூன்று சீட்டின் மூலையையும் அதேபோல மடித்து, அதேபோல நிமிர்த்தினேன். இப்போது எல்லாம் ஒன்றுபோல. மனசு லேசாகிவிட்டது. என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிக நேர்மையான, மிக முட்டாள்தனமான காரியம்.

காலை பத்து மணி. மேசையில் விரிப்பு, சோடா, பொகாச்சா, டப்பா. நடுவில் ஓட்டோ சார். அறுபது தாண்டியவர், வெள்ளை மீசை, ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் மூச்சு வாங்குவதுபோல இருப்பவர். வலப்பக்கம் எமோகெ மேடம். இடப்பக்கம் தெப்ரெட்செனிலிருந்து வந்த தேர்வாளர். அவரும் அந்தக் காலத்தில் இங்கே படித்தவர்தான்.

"எடுப்பா," என்றார் ஓட்டோ சார்.

கைவிட்டேன். எடுத்தேன். பிரித்தேன்.

இருபத்து நாலில் ஒன்று. வெறும் நாலு சதவீதம். டயர் ரப்பரின் வாசனை எங்கிருந்தோ வந்தது.

"பதினேழு," என்றேன்.

"நல்லது. உட்கார்ந்து யோசி."

"யோசிச்சாலும் வராது சார். பதினேழு எனக்குத் தெரியாது."

மூவரும் நிமிர்ந்தார்கள். ஓட்டோ சாரின் புருவம் மீசைக்குப் போட்டியாக உயர்ந்தது.

"தெரியாதுன்னா, அப்புறம் ஏன்ப்பா அந்த நம்பரைச் சொன்னே?"

"சீட்டுல அதானே சார் இருக்கு."

எமோகெ மேடத்தின் கையிலிருந்த பொகாச்சா மடியில் விழுந்தது. தெப்ரெட்சென்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

ஓட்டோ சார் கை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். முகர்ந்தார்.

"செர்ரியா?"

அவ்வளவுதான், என் அணை உடைந்தது. முழங்கை, தொட்டி, டிரையர், முற்றம், தேநீர், அடுப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். மூலை மடித்ததையும் சொன்னேன், நிமிர்த்தியதையும் சொன்னேன். "உங்க சீட்டையெல்லாம் நான் அழிச்சுட்டேன் சார். என்னை மன்னிச்சிடுங்க. நான் டயர் கடைக்கே போயிடறேன்."

ஓட்டோ சாரின் மீசை ஆடியது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. சீட்டைப் பத்திரமாகத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உனக்கு எதுப்பா ரொம்பப் பிடிக்கும்?"

"நாலு, சார்."

"அப்போ நாலைச் சொல்லேன்."

சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். பலகையை நிறைத்து, துடைத்து, மறுபடி நிறைத்தேன். அவர் குறுக்கே கேட்ட கேள்விகளெல்லாம், நான் வழுக்கும் இடத்தில் கை கொடுத்துத் தூக்கும் கேள்விகள். எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாத இரண்டு விஷயங்களை என் வாயிலிருந்தே வரவழைத்தார். கடைசியில் மூவரும் ஒருமனதாக ஐந்து போட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

"சார், எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பழைய சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

"பொகாச்சா ரொம்ப நல்லா இருக்கு," என்றார் ஓட்டோ சார். "நீயே சுட்டதா?"

மேடத்தைப் பார்த்தேன். "மணி ஆச்சு," என்று பையை எடுத்தார். தெப்ரெட்சென்காரருக்கு ரயில் இருந்தது.

டிரையரைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்குப் போனேன். மிச்சமிருந்த பொகாச்சாவையெல்லாம் ஒரு காகிதத்தில் சுற்றி பிரோஷ்கா அத்தையின் முன் வைத்தேன்.

"அஞ்சு, அத்தை!"

"அது தெரிஞ்சதுதானே. என்ன நம்பர் சொன்னே?"

"பதினேழு. நானே புதுசா எழுதி வச்ச சீட்டுல வந்தது அதுதான். தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அத்தையின் கை பொகாச்சாவோடு பாதி வழியில் நின்றது. "சீட்டுல இருந்ததையா சொன்னே? அப்படியேவா?"

"வேற எதைச் சொல்றது? அத்தை, நீங்களாவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. பழைய சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் வானொலியை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்றதில்லன்னு வாக்கு. ஆனா நம்பர் வந்த முத ஆளு நீதான், உன்கிட்ட சொன்னாத் தப்பில்ல. ஒண்ணுமே எழுதல கண்ணு. பழைய புரொபசர் காலத்துலேர்ந்து நான்தான் வெத்துக் காகிதத்தை வெட்டி மடிச்சுக் குடுக்குறேன்."

கையிலிருந்த டிரையரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ... கொர்னேல்? மேடம்?"

"ஒவ்வொருத்தரும் தேர்வு முடிஞ்சதும் இந்த ஜன்னல்ல தலையை விட்டு, 'அத்தை, என் சீட்டு மட்டும் வெத்தா இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச நம்பரைச் சொல்லிட்டேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சிட்டுத்தான் போவாங்க. அப்படி முதமுதல்ல வந்து, இதோ நீ உட்கார்ந்திருக்கிற படியிலயே உட்கார்ந்து அழுதவன் உங்க ஓட்டோ."