பாதியில் சிக்கிய பாய்

கடவுளிடம் பிள்ளை கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், விசா கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு படகுப்பாய் சிக்காமல் மேலே ஏற வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்ட ஒரே ஆள், உலகத்திலேயே எங்கள் அரைப்பாய் அண்ணன்தான்.

அப்போது நான் முட்டத்தில் கணக்கு டீச்சர். வாடகை வீட்டின் பின்கதவைத் திறந்தால் மணலில் அவருடைய படகு கிடக்கும். கொச்சியில் பாய்ப்படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபது வருஷம் இருந்தவர், வேலையை விட்டு வரும்போது யாரோ ஓட்டித் தீர்த்த ஒரு கட்டமரானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு ஒல்லிப் படகுகளை அருகருகே வைத்து நடுவில் தளம் போட்டதுபோல இருக்கும்.

"நம்ம கட்டுமரத்துக்க பேரைத்தான் டீச்சரே, வெள்ளைக்காரன் கொண்டுபோயி இதுக்கு வச்சிருக்கான்" என்பார்.

நடுவில் உயரமான அலுமினியக் கம்பம். அதன் முதுகில் அடியிலிருந்து நுனிவரை நீளப் பள்ளமாக ஒரு காடி. பெரிய பாயின் ஓரத்தில் தைத்த பிளாஸ்டிக் கட்டைகள் அந்தக் காடிக்குள் வழுக்கி ஏற வேண்டும். கயிற்றை இழுத்தால் பாய் சரசரவென்று பாதிவரை போகும், அங்கேயே நின்றுவிடும். ஊர் அவருக்கு 'அரைப்பாய்' என்று பெயர் வைக்க இது போதாதா?

முதலில் காடி முழுக்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். மறுநாள் மணலும் எறும்பும் அதில் ஒட்டிக்கொள்ள, பாய் கால்வாசிகூட ஏறவில்லை. அடுத்து, மாதா குருசடியில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கினார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"மாதாவுக்கு வச்ச திரியை என்னவே செய்யுதீரு?"

"மாதாவுக்கு மட்டும் பாய் ஏறணும்னு ஆசை இருக்காதாவே?"

மெழுகு தேய்த்ததில் ஒரு முழம் கூடுதலாக ஏறியது. ஊர் அந்தப் பெயரை மாற்றுவதாக இல்லை.

ஒருநாள் மத்தியானம், மெழுகை நம்பித் தன்னந்தனியாகப் படகைக் கடலில் இறக்கிவிட்டார். பாய் வழக்கமான இடத்தில் சிக்கியது. இந்த முறை கீழேயும் இறங்கவில்லை. காற்று படகைக் கலங்கரை விளக்கத்துப் பாறைகளைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனது. வள்ளக்காரர்கள் எஞ்சினைப் போட்டுப் போய், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அவர் வந்து என் பின்வாசல் படியில் உட்கார்ந்தபோதுதான் கையைப் பார்த்தேன். கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். துணி நனைத்துக் கொடுத்தேன்.

"படகை விக்கும்போதே அந்தப் பாவி சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே?"

"சொன்னான் டீச்சரே. சிக்கும்னு சொல்லித்தான் தந்தான். அதுக்குத்தான் வாங்கினேன்."

விளங்காமல் பார்த்தேன்.

அவருடைய தம்பி புயலில் போனது எனக்குத் தெரியும். உடல் கிடைக்காமல், பெட்டியில் ஒரு சட்டையை வைத்து அடக்கம் செய்ததும் தெரியும். அன்றைக்குக் கொச்சியில் இருந்த அவருக்குத் தம்பியின் போன் வந்த கதை எனக்கு மட்டுமல்ல, ஊரில் யாருக்குமே தெரியாது.

"கடல்ல நின்னு கூப்பிட்டான். 'எஞ்சின் போச்சு அண்ணே. தார்ப்பாயை மூங்கில்ல ஏத்திப் பாக்கேன், பாதியில சிக்குது, என்ன செய்யட்டும்?'ன்னான். நான் பாய் வேலைக்காரன், தெரியாம இல்ல. அந்நேரம் நாக்குல வரல்ல. 'இருலே, யோசிச்சுச் சொல்லுகேன்'னேன். லைன் போச்சு."

அதற்குமேல் நான் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து கம்பத்தைச் சாய்த்தோம். காடிக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனார். பாதிக்குக் கொஞ்சம் மேலே விரல் நின்றது. இரண்டு துண்டுகளைச் சேர்த்த இடத்தில், நகம் அளவுக்கு ஒரு விளிம்பு, உப்புக்குள் ஒளிந்திருந்தது. அரம் போட்டு ராவினார். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார். விண்டிருந்த கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தைத்தார். கம்பம் மறுபடி எழுந்ததும், மணலிலேயே படகைத் திருப்பச் சொன்னார்.

"காத்துக்கு நேரே வையுங்க. பாய் ஒரு பக்கமா வீங்கிச்சுன்னா கட்டை காடியில போயி அமுங்கும். படகுக்க முகத்தைக் காத்துக்குத் திருப்பினா தளந்திரும்."

கயிற்றை என் கையில் கொடுத்தார். "இழுங்க டீச்சரே."

இழுத்தேன். பாய் பாதியைத் தாண்டியது. எங்கும் நிற்காமல் நுனிவரை போய்ப் படபடவென்று அடித்தது. உதவிக்கு வந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் ஓரம்வரை நடந்து போய் நின்றார். கடலைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"முகத்தைக் காத்துக்குத் திருப்புலே, மக்கா."

விசில் நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கயிற்றைக் கட்டிவிட்டு நானும் போயிருக்கலாம், எனக்கும் கட்டத் தெரியும். அவராகத் திரும்பி வரும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.