பச்சை மையில் ஒரு ஏழு

ஒரு மனிதனின் மூளை மாலை ஆறு மணிக்கு எந்த நிலையில் இருக்கும் என்பதைக் காலை எட்டு மணிக்கே எழுதி முடித்துவிடும் ஊர் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் விருத்தாசலம். கப்பு, சாஸர், பீங்கான் பொம்மை என்று மட்டும் எங்களை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இனிமேல் கொஞ்சம் மரியாதையாக நினைக்கவும்.

நடந்தது 2008-ல். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், கண்ணுங்களா. சொன்னால் அதற்கும் ஒரு படிவம் வரும். என் தங்கை சுலோச்சனா காலை ஒடித்துக்கொண்டு அங்கே படுத்திருந்தாள், நான் துணை. அடுத்த கட்டிலில் சிங்காரவேல். பீங்கான் கம்பெனிக் கூரையில் ஷீட்டு மாற்ற ஏறி, ஷீட்டோடு சேர்ந்து இறங்கியவர். தலையில் அடி. உள்ளே லேசான ரத்தக்கட்டு. “பாத்துக்கிட்டே இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர் ஆனந்தராஜ்.

பார்த்துக்கொண்டே இருப்பதற்காகத்தான் அந்த மகத்தான தாள் வந்திருந்தது: ‘முன்னெச்சரிக்கை மதிப்பெண் அட்டவணை’. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு எல்லாவற்றுக்கும் இரண்டு மணிக்கொரு தரம் மதிப்பெண் போட்டுக் கூட்டவேண்டும். ஏற ஏற ஆபத்து. சுவரில் ஆணை ஒட்டியிருந்தது: நான்கு வரை, கவனிக்கவும். ஐந்தோ ஆறோ என்றால் டாக்டருக்குப் போன். ஏழு என்றால் டாக்டர் நேரில். சீமையிலிருந்து வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, பொய் சொல்ல மாட்டேன். பார்த்து எழுதினால் எத்தனையோ உயிர் பிழைக்குமாம்.

சிங்காரவேலைப் பார்க்க நல்லூரிலிருந்து வந்த அவர் மாமா சுப்புராயன் தாளைப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். “ரெண்டுதானா மாப்ள? பக்கத்துப் பெட்டு மூணு வாங்கியிருக்குது பாரு!”

இந்தத் தாளுக்கு எங்கள் ஊர் பாணியில் உயிர் கொடுத்தவர் ‘தர மேலாளர்’ சக்கரபாணி. இருபத்திரண்டு வருடம் பீங்கான் கம்பெனியில் சூளைப் பதிவேடு எழுதியவர். சூளை மணிக்கு மணி எத்தனை டிகிரி என்பதைக் காலையில் வந்ததும் சாயங்காலம் வரைக்கும் எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். சூளையும் அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டது. வெடித்த கப்புகள் களிமண்ணின் குற்றமாகப் பதிவாயின. காலிக் கட்டமே இல்லாத பதிவேடு என்று கேடயமும் வாங்கியிருந்தார்.

அதே விஞ்ஞானம் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. “இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்ப வேணா வருவாங்க சிஸ்டர். கட்டம் காலியா இருந்தா பேஷண்டே இல்லன்னு அர்த்தம்.” நாற்பது கட்டிலுக்கு ஒற்றை ஆளான சிஸ்டர் கவிப்ரியா, எட்டு மணிக்கே ஆறு மணி வரை நிரப்பிவிடுவாள். மற்ற ஊர்களில் நோயாளியைப் பார்த்துத் தாள் மாறும். எங்கள் ஊரில் தாளைப் பார்த்து நோயாளிதான் நடந்துகொள்ள வேண்டும்.

சிங்காரவேலின் மனைவி பாஞ்சாலைக்கு இந்த நாகரிகம் பிடிபடவில்லை. அவள் அதே கம்பெனியில் தரம் பிரிக்கிறவள். சூளையிலிருந்து வந்த கப்பை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். கணீர் என்றால் பெட்டிக்குள். சத்தம் மங்கினால் குப்பையில். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரிந்துவிடும். புருஷனையும் அப்படித்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு, “ஏங்க.”

“சொல்லுங்க சூப்பர்வைசரம்மா.” அது அவர் வழக்கமான நக்கல்.

பத்து மணிக்கு, “ஏங்க.”

“சொல்லு.”

பன்னிரண்டுக்கு, “ம்.”

ஒன்றரைக்கு ஒரு வாந்தி. அதற்கப்புறம் ‘ம்’ கூட இல்லை.

“சிஸ்டர், அவரு சத்தம் மங்கிப் போச்சு. வந்து பாருங்க.”

“தூங்குறாருக்கா. ரெண்டு மணி ஸ்கோரு ரெண்டுதான், இதோ.”

“மணி இன்னும் ரெண்டே ஆவலியே சிஸ்டர்?”

கவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கும் பயமாத்தான் இருக்குதுக்கா. ஸ்கோரு ஏறாம டாக்டரக் கூப்புட்டா திட்டுவாங்க. எழுதினத மாத்தினா சாரு மெமோ குடுப்பாரு.”

சக்கரபாணி சாரே வந்தார். தாளைக் கையிலெடுத்து, தாய்ப்பாசத்தோடு தடவினார்.

“இத பாரும்மா. உங்க வூட்டுக்காரரு நாலு மணிக்கும் நல்லா இருக்காரு, ஆறு மணிக்கும் நல்லா இருக்காரு. நீ ஒன்றரை மணியிலயே நின்னுக்கிட்டு அழுவுற.”

“அவரு மூஞ்சிய ஒரு தரம் பாருங்க சார்.”

“மூஞ்சிக்குக் கட்டம் இல்லம்மா.”

போய்விட்டார். பாஞ்சாலை சுவரில் இருந்த ஆணையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“பெரிம்மா, பேனா இருக்குதா?”

இருந்தது. பச்சை மை. இரண்டு மணிக் கட்டத்தில் இருந்த இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக ஏழு போட்டாள்.

“ஏன்டி, அஞ்சு போட்டா போதாதா?” என்றேன், பயந்துபோய்.

“அஞ்சுக்குப் போன்ல பேசுவாரு பெரிம்மா. ஏழுக்குத்தான் வருவாரு.”

திரும்பினால் கவிப்ரியா நின்றுகொண்டிருக்கிறாள். எல்லாம் பார்த்துவிட்டாள். நேராகப் போய் மணியை அழுத்தினாள்.

நான்கு நிமிடத்தில் டாக்டர் வந்தார். முறைப்படி முதலில் தாளைப் பார்த்தார். அப்புறம்தான் ஆளைப் பார்த்தார். இமையைத் தூக்கியதும் அவர் முகம் வெளுத்தது. ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. “வண்டிய எடுங்க!” என்று கத்தினார். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய், மாலையே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம். மூன்று மாதம் ஆயிற்று, மறுபடி “சூப்பர்வைசரம்மா” என்று சொல்ல. இப்போதும் நடுவில் நாக்கு தடுக்குகிறது. பாஞ்சாலை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கிறாள்.

ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா? பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

“மனுசக் கண்ணு பாக்காதத நம்ம தாளு பாத்துச்சு!” என்று முழங்கினார் சக்கரபாணி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மிக்சர் கொடுத்தார்கள்.

தாளைக் கடைசிவரை படித்தவர்கள்தான் யாருமில்லை. நான்கு மணிக்கு இரண்டு, ஆறு மணிக்கு இரண்டு. பாண்டிச்சேரியில் மண்டை திறந்து கிடந்த நேரத்தில், சிங்காரவேல் எங்கள் ஊர்க் கட்டிலில் நாடி எழுபத்தெட்டோடு சுகமாகப் படுத்திருந்திருக்கிறார்.

அதே வாரம் பாஞ்சாலைக்கு நோட்டீஸ் வந்தது: ‘மருத்துவ ஆவணத்தில் அத்துமீறி எழுதியமைக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ கீழே சக்கரபாணியின் கையெழுத்து. துணைக்கு வருகிறவர்கள் பேனா கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பலகையும் வைத்தாகிவிட்டது.

சட்டத்துக்குள் இருக்கும் அந்தத் தாளில், எட்டு மணிக்கு மேல் ஆளைப் பார்த்து எழுதிய எண் ஒன்றே ஒன்றுதான். அது பச்சையாக இருக்கிறது. நோட்டீஸும் அதற்குத்தான்.

பேனா என்னிடம்தான் இருக்கிறது, கண்ணுங்களா. மை பாதிக்கு மேல் இருக்கிறது. உங்க வூட்டு ஆளுங்க யாரையாவது அங்கே சேர்த்தால், ஹார்லிக்ஸ், ஆரஞ்சு எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.