திசு வங்கிக்கு ஒரு சம்படம்

சேலையூர்,
14.11.2006

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஆஸ்டினுக்கு, அத்தான் எலியேசர் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா ஜெரூஷாவும் கிருபையால் சுகம். நீயும் உன் டிரஸ்டும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன.

என் சிறுநீரகக் கட்டியை அறுப்பதற்கு முதல் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்து, "அத்தான், வெட்டி எடுக்கிறதுல ஒரு துண்டு எங்க டிரஸ்ட் நடத்துற திசு வங்கிக்குக் குடுங்க, ஆராய்ச்சிக்கு உதவும்" என்று கேட்டாய். மச்சான் கேட்டு மறுப்பேனா, மூக்குக்கண்ணாடிகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். தையல் பிரித்த மறுநாளே தாம்பரம் பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் சம்படம் வாங்கி, 'அன்பளிப்பு: எ. எலியேசர், தலைமை ஆசிரியர் (ஓய்வு), சேலையூர்' என்று பேர் வெட்டி, என் துண்டை இதில் மாற்றி வையுங்கள் என்று சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். திசு வங்கி வாசலில் காவலுக்கு இருந்த சிட்டிபாபு சம்படத்தைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், காலியா கீது? டிபன்னு நெனச்சேன்" என்கிறான். விஷயத்தைச் சொன்னதும், "பேரெல்லாம் போடக் கூடாது சார், உள்ள எல்லாம் நம்பர்தான் கீது. அதான் ரூலு" என்றான். சரி, ரூல். ஆனால் உள்ளே துண்டுகளை வைத்திருக்கிற அந்தக் குளிர்பெட்டிக் கதவில் என்ன எழுதியிருக்கிறது? பெட்டி வாங்கிக் கொடுத்த மாவுமில் முதலாளி பேர், அவர் சம்சாரம் பேர், திறந்து வைத்தவர் பேர், அடியில் 'செயலாளர் ஆஸ்டின்'. காசு கொடுத்தவனுக்குக் கதவு முழுக்கப் பேர், சதை கொடுத்தவனுக்கு நம்பரா? நீ என்னடா கொடுத்தாய், ஆரஞ்சுப் பழம்தானே?

மனம் விட்டே சொல்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள், பார்ப்போம் என்கிறார் டாக்டர். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் போன பிறகு என் பேர் எங்காவது இருக்கட்டும் என்று நினைத்தேன், அது தப்பா? ஆகவே பேர் போடு, இல்லையென்றால் என் துண்டைத் திருப்பிக் கொடு. எழுதிக் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று உன் படிவத்திலேயே இருக்கிறது. இப்போது கண்ணாடி போட்டுப் படித்துவிட்டேன்.

கர்த்தர் உன் வீட்டாரைக் காத்து, உனக்கு நல்ல புத்தியையும் தருவாராக.

உன் அத்தான்,
எ. எலியேசர்

பி.கு.: கவரை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். "போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்களே, நானும் அங்கதான் குடுத்திருக்கேன். எனக்குத்தான் உதவல, வேற யாருக்காவது உதவட்டும்னு குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். மச்சான், என் துண்டை எடுக்க வேண்டாம். நம்பரே போதும். அவளுடையது இருக்கிற தட்டிலேயே என்னுடையதையும் வைக்கச் சொல். ரூல் என்று மட்டும் சொல்லாதே.