பூட்டிய பீரோவும் தொண்ணூற்றிரண்டு மார்க்கும்

மேல்மலை, கொடைக்கானல் தாலுகா.
செவ்வாய்க்கிழமை, மேகம் விலகின நேரம்.

பார்வையில்லாத பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் பெரிய ஆபீசர் அம்மா அவர்களுக்கு, போன வருடம் நீங்கள் ஜீப்பில் வந்தபோது ஒரு பை கேரட் கொடுத்து, நீங்கள் வேண்டாம் என்று சொல்ல, உங்கள் டிரைவர் வாங்கிக்கொண்டாரே, அந்தப் பொன்னுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் நானும் மகனும் மருமகளும் பேத்தியும் ஊன்றின பூண்டும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். முழங்கால் வலி என்று அன்றைக்குச் சொன்னீர்கள், அதுவும் இந்நேரம் தேவலையாகி இருக்கும்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். படித்த அஞ்சையும் சுத்தமாகப் படித்தவள். ஆகையால் இதில் பிழை இருந்தால் அது பேனாவின் பிழை.

பேத்தி தமிழ்மதியை உங்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது, வாய் உண்டு. அவளுக்கு எல்லா வசதியும் செய்து தரச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டுப் போனீர்கள். செய்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஜூன் மாசம் பிரெய்ல் புத்தகங்கள் வந்தன. அறிவியல் ஒன்றே ஐந்து பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். பஸ்ஸிலிருந்து இறக்கித் தெருவே தூக்கிக்கொண்டு போனது. எங்கள் ஹெட்மாஸ்டர் குமரகுரு சார் பழனிக்காரர், தங்கமான மனுசர், தொல்லையே அதுதான். அந்தப் புத்தகங்களுக்கென்று கண்ணாடி பீரோ வாங்கி, உள்ளே அடுக்கி, பூட்டுப் போட்டு, சிவப்பு மையில் “தொடாதீர்கள்” என்று எழுதி ஒட்டிவிட்டார். நான் போய்க் கேட்டேன்.

“சார், தொடாம அவ எப்பிடிங்க படிப்பா?”

“பத்துப் பிள்ளைக கை பட்டா புள்ளி தேஞ்சு போகும் ஆத்தா. பின்னாடி வாற பிள்ளைகளுக்கும் வேணும்ல?”

“இந்த ஊர்ல பார்வை இல்லாதவ இவ ஒருத்திதானங்க. அடுத்து யாரு வீட்டுல பொறக்கும்னு முடிவு பண்ணி வச்சிருக்கீக?”

அதற்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிரெய்ல் சொல்லித் தரும் லீலா டீச்சர் செண்பகனூரிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் வருவார், அப்போது பீரோ திறக்கும் என்று ஏற்பாடு. மேகம் இறங்கினால் பஸ் வராது. பஸ் வந்தால் சார் மீட்டிங் போயிருப்பார், சாவி அவர் சட்டைப்பையில் போயிருக்கும். இந்த ஆறு மாசத்தில் பிள்ளை புத்தகத்தைத் தொட்டது ஏழு வெள்ளிக்கிழமை. இதற்கு நடுவில் ஐப்பசி மழையில் ஈரம் இறங்கிப் பக்கமெல்லாம் உப்பிவிட்டது என்று சார் மனசு கேட்காமல், சத்துணவுக் கூடத்து அம்மிக்கல்லைத் தூக்கிக் கடைசிப் பாகத்தின் மேல் வைத்துவிட்டார். காகிதம் சமமாகிவிட்டது, புள்ளியும் சமமாகிவிட்டது. மதி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பத்தா, ஒளிப் பாடம் முழுக்க வழுவழுன்னு கெடக்கு. வெளிச்சம்னா இப்பிடித்தான் இருக்கும் போல” என்றாள்.

அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை அம்மா. வகுப்பில் இவளும் பக்கத்தில் உட்காரும் கோகுலும் பேசினால் அவனை வெளியே நிறுத்துகிறார்கள், இவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். “என்னைய ஒரு நாளாச்சும் வெளிய நிப்பாட்டச் சொல்லு அப்பத்தா” என்று கேட்கிறாள். கோடே போடாத பிள்ளைக்கு ஓவியத்தில் எழுபது மார்க்கு.

இப்போது சோலிக்கு வருகிறேன். அரையாண்டு அறிவியல் பரீட்சையை, புள்ளி குத்துகிற சட்டத்தையும் ஊசியையும் வைத்து எட்டுப் பக்கம் எழுதினாள். திருத்தினது ஹெட்மாஸ்டர் சார். தொண்ணூற்றிரண்டு. வகுப்பிலேயே முதல். தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தேன். எதிர்வீட்டு முருகேஸ்வரியின் பேரன் அறுபத்தொன்று என்று கேள்விப்பட்டு, நானே அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் விடைத்தாளை எடுத்து வெயிலில் வைத்து வாசித்தேன்.

எனக்கு அந்த எழுத்து தெரியும். மதிதான் சொல்லிக் கொடுத்தாள். மொத்தமே ஆறு புள்ளி, அஞ்சு வரை படித்தவளுக்கு இன்னும் ஒன்று கூடினால் பெரிய வேலையா. பூண்டு உரித்து உரித்து விரல் காய்த்துவிட்டதால் நிழலைப் பார்த்துக் கண்ணால்தான் வாசிப்பேன். அது ஏமாற்று வேலை என்பாள். மேகம் வந்தால் எனக்கு எழுத்து மறைந்துவிடும், அவளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான்.

முதல் பக்கம் இரண்டு கேள்விக்குப் பதில். இரண்டாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை, “பீரோவைத் திறந்து விடுங்கள். புத்தகம் உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன்.” திரும்பத் திரும்ப இதே. எட்டாம் பக்கம் அவள் அம்மா வைக்கும் பூண்டுக் குழம்பின் பக்குவம். அதிலும் புளி விட்டுப்போயிருக்கிறது. அதற்கும் சரி போட்டிருக்கிறார்.

“ஏன்டி இப்பிடி எழுதின?”

“யாராச்சும் வாசிக்கிறாங்களான்னு பாத்தேன்.”

“வாசிக்கலையே.”

“அதான் மார்க்கு கூடிப் போச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுநாள் சட்டத்தையும் ஊசியையும் பரணில் போடச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், ஒரு எழுத்து எழுதுவதில்லை. வாசிக்க ஆளில்லாத இடத்தில் எதற்கு எழுத வேண்டும் என்கிறாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் வெரசா ஓர் உத்தரவு போடுங்கள். பீரோ திறக்க வேண்டும், அந்தச் சீட்டைக் கிழிக்க வேண்டும், அவள் எழுதுவதைத் தெரிந்தவர்கள் வாசித்துத்தான் மார்க்கு போட வேண்டும், வாத்தியார்களில் ஒருவராவது ஆறு புள்ளியைப் படிக்க வேண்டும், வேண்டுமானால் நான் சொல்லித் தருகிறேன், பேசினால் அவளையும் வெளியே நிறுத்த வேண்டும். தப்புக்குத் தப்பு என்றே போடட்டும். நாங்கள் தாங்குவோம்.

நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் மலைபோல் நிலைத்து, மேலும் பெரிய ஜீப்பில் வர வேண்டும். டிரைவருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பொன்னுத்தாய், அஞ்சாம் வகுப்பு.

பின்குறிப்பு: இது பத்து நாள் கழித்து எழுதுவது. உங்கள் பின்கோடு கேட்கப் பள்ளிக்கூடம் போனேன். “என்ன லெட்டரு ஆத்தா?” என்றார் சார். எனக்குப் பொய் வராது, ஒட்டின கடிதத்தைப் பிரித்து முழுக்க வாசித்துக் காட்டினேன். குழம்பு வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்குமா சரி போட்டேன்?”

“புளி இல்லாததுக்கு ஒரு மார்க்காச்சும் கொறச்சிருக்கலாம் சார்.”

அப்போதே பீரோவைத் திறந்து, சீட்டை உரித்து, சாவியை மதி கையில் கொடுத்துவிட்டார். அன்று சாயந்திரம் அவளே பரணில் ஏறிச் சட்டத்தை எடுத்தாள். ஒரு வாரம் படித்தாள். லீலா டீச்சர் வந்து மறுபடி பரீட்சை வைத்து, ஒவ்வொரு புள்ளியாக வாசித்து மார்க்கு போட்டார். முப்பத்தெட்டு.

எனக்குத் தாங்கவில்லை. “கண்ணு தெரியாத பிள்ளைக்கு முப்பத்தெட்டா டீச்சர்? பழைய மார்க்கே இருக்கட்டும், அது நல்லாத்தான இருந்துச்சு?” என்று சண்டைக்கு நின்றேன். டீச்சர் தாளை மதி கையில் கொடுத்தார். மதிதான் பேசினாள்.

“தொண்ணூத்திரண்டு சாரோடது அப்பத்தா. முப்பத்தெட்டு என்னோடது. அதுல கை வைக்காத.”

ஆகையால் மேலே கேட்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம், அமுங்கின கடைசிப் பாகத்தை மட்டும் புதிதாக அனுப்புங்கள். அந்த முப்பத்தெட்டுத் தாள் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நேற்று முருகேஸ்வரி எனக்கு ஆறுதல் சொல்ல வந்து, இதுவா என்று கையை நீட்டினாள். மதி சொல்லி அதன் கீழே நான் ஒட்டியிருந்த, பீரோவிலிருந்து உரித்த சிவப்பு மைச் சீட்டைக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, நானே வாசித்துச் சொன்னேன்: “தொடாதீர்கள்.”