பெண் கேட்கப் புறப்பட்ட வண்டி

பெருமதிப்புக்குரிய ஓய்வுபெற்ற ஹவில்தார் ஸ்மன்லா அண்ணன் அவர்களுக்கு, கணவாய்க்கு இந்தப் பக்கத்திலிருந்து குர்மெத் பலமுறை ஜூலே என்று வணங்கி எழுதுவது. நானும், சோரோலும், மகன் ஜிக்மெத்தும், மாடுகளும் நலம். வண்டிதான் நலமில்லை.

இன்று காலை சாங் கள்ளுப் பானையோடு உங்கள் வாசலில் நின்று, உங்கள் மகள் லாடோலை எங்கள் ஜிக்மெத்துக்குக் கேட்பதாகச் சொல்லியிருந்தேன். "நேரம் தவறுறவன் வீட்டுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னது காதிலேயே இருக்கிறது. அதனால்தான் நேற்றே பேட்டரியைக் கழற்றி, குளிர் தாக்காமல் இருக்க எனக்கும் சோரோலுக்கும் நடுவில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தேன். "கல்யாணமான புதுசுல கூட எனக்கு இப்படிப் போர்த்திவிட்டதில்ல" என்றாள். வண்டியைச் சரிவில் கீழே பார்த்து நிறுத்தவும் சொன்னாள். ஆனால் நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி மடாலயத்தைப் பார்த்து நிற்கணும் என்பது லாமா வாக்கு. மடாலயம் இருப்பதோ மேட்டில். நான் புண்ணியத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

காலையில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினால் ஒரு இருமல் கூட வரவில்லை. டீசல் டாங்கில் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்குது. எஞ்சினுக்கு அடியில் தகரத்தில் வரட்டி மூட்டி வைத்தேன். வண்டி சூடாச்சோ இல்லையோ, என் புருவம் பொசுங்கிப்போச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் துண்டுப் தலைமையில் ஊர் ஆம்பிளைங்க அத்தனை பேரும் வந்து மேட்டுல தள்ள ஆரம்பிச்சாங்க. நாலடி ஏறும், அஞ்சடி இறங்கும். துண்டுப் கையை ஊதிக்கிட்டே பானையைப் பார்த்தான். "குர்மெத், வண்டிக்கு மட்டும் சூடு வச்சா போதுமா? தள்றவன் வயித்துல என்ன இருக்கு?" நியாயம்தானேன்னு ஆளுக்கு ஒரு கிண்ணம் ஊத்தினேன். ஊத்தினேன் ஊத்தினேன், கடைசியில பானையைக் கவுத்தா காத்துதான் வருது.

அப்பதான் துண்டுப் தாடியைத் துடைச்சிக்கிட்டு, "இது என்ன சாங்?"ன்னான்.

"பொண்ணு கேட்கிற சாங்."

"குடிச்சா சம்மதம்னு அர்த்தம். நான் குடிச்சிட்டேன். என் மக யாங்டோல் உன் மருமக."

"எனக்குப் பொண்ணு இல்லியே, ஒரு கோவேறு கழுதைதான் இருக்கு, அனுப்பட்டா?"ன்னு இன்னொருத்தன். எல்லாரும் சிரிச்சாங்க, துண்டுப் சிரிக்கலை. ஜிக்மெத் அப்போ வீட்டுக்குள்ள போய் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவன், இன்னும் என் முகத்தைப் பார்க்கலை.

அண்ணே, இன்னைக்கு விட்டா பனி உருகின பிறகுதான் நல்ல நாளாம். அதுவரைக்கும் வேற யார் சாங்கையும் வாயில வச்சிடாதீங்க. பையன் லாடோல் பேரைத் தவிர வேறெதுவும் பேசுறதில்லை. இந்தக் கடிதத்தை ராணுவ லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் தண்ணீர்க் குழாய் உறையாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

குர்மெத்

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம், வேறு தாள் இல்லாததால் கிழிக்கவில்லை. சோரோல் வந்து, "மேட்டைப் பார்த்து நின்னா என்ன, ரிவர்ஸ் கியர்ல போட்டுப் பின்னால உருட்டுங்க" என்றாள். பின்பக்கமாகவே போய் ஓடைக்கரையில் வண்டி உறுமிவிட்டது! வைக்கோலுக்குள்ளிருந்து இன்னொரு பானையையும் எடுத்து, "உங்களை எனக்குத் தெரியாதா?" என்றாள். லாரி வேண்டாம், கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். பானெட் மேல் வைத்து எழுதுவதால் எழுத்து ஆடுகிறது. எஞ்சினை அணைக்கப் பயந்து ஜிக்மெத் ஆக்ஸிலரேட்டரை விட்டுக் காலை எடுக்க மாட்டான், அதனால் நீங்களே கிண்ணத்தோடு வெளியே வந்துவிடுங்கள். முதலில் குடித்துவிடுங்கள், அப்புறம் திட்டலாம். தள்ள வந்த துண்டுப் இறங்க மாட்டேனென்று பின்னால் ஏறி உட்கார்ந்து, பானையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.