பெயருக்கு முன்னால் போட்ட சுழி

பாபநாசம் வட்டம்,
தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.

அன்பு மிகுந்த மாப்பிள்ளை பரணிதரன் அவர்களுக்கு,

மாமனார் தியாகேசன் வாழ்த்திச் சொல்லிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சௌக்கியம். சென்னையில் நீங்களும் எங்கள் பெண் பூர்ணிமாவும் எல்லா வகையிலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் போய் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறாரே என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் நான் எதைத் தொட்டாலும் அது யாருக்காவது போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாள் ஒன்றுதான் உறையில் எழுதிய விலாசத்துக்கு மட்டும் போகிறது. மாப்பிள்ளையைக் குறை சொல்லிக் கடிதம் எழுதும் வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. ஆகையால் நான் குறை சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், குறை எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, அறுவடை மிஷின் யார் வயலில் முதலில் இறங்குவது என்று ஊரில் வருஷா வருஷம் நடக்கும் சண்டையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ஷீட் போட்டா முடிஞ்சுது மாமா" என்றீர்கள். போட்டும் கொடுத்தீர்கள். கட்டம் கட்டமாக, பேர், வயல், என்ன நெல், எப்போது நட்டது, எப்போது மிஷின் என்று பார்க்கவே லட்சணமாக இருந்தது. ஊர் முழுக்கப் பார்க்கும்படி எல்லாருடைய மெயில் விலாசத்தையும் கேட்டீர்கள். பெரியவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று இல்லாததால், குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற அவரவர் பிள்ளைகளின் விலாசத்தைக் கொடுத்தார்கள். நான்தான் உழவர் குழுச் செயலாளர், மாப்பிள்ளை வேறு கம்ப்யூட்டர்காரர், அதனால் ஷீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

கட்டத்தின் மூலையில் சின்ன முக்கோணம் ஒன்று வரும், அதன்மேல் விரலை வைத்தால்தான் எழுத்து தெரியும் என்று காட்டினீர்கள். நோட் என்று ஒன்று, கமெண்ட் என்று ஒன்று, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றும் சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் மாமியார் வடைத்தட்டோடு வந்துவிட்டதால் வித்தியாசம் எனக்குக் கிடைக்கவில்லை, வடை கிடைத்தது. தொட்டால்தான் தெரியும் என்றால் யார் போய்த் தொடப்போகிறார்கள், இது செயலாளர் தன் நினைவுக்காக எழுதிவைத்துக்கொள்ளும் இடம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். நீங்கள் எனக்கு ஒரு கமெண்ட் எழுதிக் காட்டியபோது என் பேருக்கு முன்னால், ஆங்கில 'ஏ' எழுத்தைச் சுற்றி ஒரு சுழி சுழித்தீர்கள். மாமனார் பேரை மொட்டையாக எழுதக் கூடாது என்று மரியாதைக்குப் போடுகிறார், 'திரு' மாதிரி இது கம்ப்யூட்டர் மரியாதை போலிருக்கிறது என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. நம் வீட்டில் பெரியவர்கள் பேரை மொட்டையாக எழுதியதே கிடையாது. அன்றிலிருந்து யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அந்தச் சுழியைப் போட்டேன். போட்ட உடனே ஊரார் பேரெல்லாம் வரிசையாகக் கீழே வந்து நின்றது. நமக்குத் தட்டச்சு வேலை மிச்சம் என்று சந்தோஷமாக ஒவ்வொரு பேராகத் தொட்டுக்கொடுத்தேன்.

இப்படித்தான் ராஜராஜன் பேரில் மரியாதையாகச் சுழி போட்டு, 'ஊரிலேயே கடைசியாக நட்டவர், முதலில் விளைந்துவிட்டது என்று வந்து நிற்பார், நம்ப வேண்டாம்' என்று எழுதினேன். மிஷின் ஏற்பாடு செய்கிற சலாஹுதீன் பேரில் மரியாதையாகச் சுழி போட்டு, 'இவர் நாளைக்கு என்றால் அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதினேன். நம் வயலுக்கு முன்வயல்காரர், என்னோடு பள்ளிக்கூடம் போனவர், தினமும் காலையில் என்னோடு கடையில் டீ குடிக்கிறவர், அந்த சிவசாமி பேரிலும் சுழி போட்டு, 'இவர் வயலில் கோரைதான் பயிர், நடுநடுவே கொஞ்சம் நெல்லும் முளைத்திருக்கிறது. வயல் சிவசாமியுடையது, யோசனை குவைத்துடையது' என்று எழுதினேன். அவர் மகன் ஜெகன் அங்கிருந்து போனில் சொல்கிறபடிதான் சிவசாமி இரண்டு வருஷமாக ஆள் விட்டுக் களையெடுக்காமல் மருந்தடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குள் நான் சொல்லிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை டீக்கடையில் சிவசாமி என்னைப் பார்த்ததும் பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். வயலுக்குப் போனால், வாய்க்கால் கரையிலிருந்து அவர் வயலுக்குள் வண்டி இறங்குகிற இடத்தில் குறுக்கே இரண்டு மூங்கில் கட்டியிருந்தது. நம் வயல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், நாலு பக்கமும் அடுத்தவர் வயல். முன்வயலை அறுத்து, அந்த அறுத்த அடிக்கட்டை மேலேதான் மிஷின் ஏறி நம் வயலுக்கு வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. நான் மூங்கிலையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது குவைத்திலிருந்து போன் வந்தது. "மாமா, ஜெகன் பேசுறேன். உங்க மெயில் வந்துச்சு" என்றான். நான் மெயிலே அனுப்பவில்லை தம்பி என்றேன். "அனுப்பியிருக்கீங்க மாமா, படிக்கிறேன் கேளுங்க" என்று, நான் எனக்குள் சொல்லிக்கொண்டதை ஒரு எழுத்து விடாமல் எனக்கே படித்துக் காட்டினான். அப்பாவுக்கும் ராத்திரியே படித்துக் காட்டிவிட்டானாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மாப்பிள்ளை. வரப்பு என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மரியாதைக்குப் போட்ட குறி, யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் விலாசத்துக்கே அதைச் சுடச்சுடக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்கள் சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து ஷீட்டைத் திறந்து, எழுதியதை எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு கமெண்டாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு டிக் குறி இருந்தது. தொட்டேன், மறைந்தது. அப்பாடா என்று எல்லாவற்றையும் தொட்டு மறைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் ராஜராஜனின் மகன் சிங்கப்பூரிலிருந்து அதே கட்டத்துக்குள் பதில் போட்டிருந்தான். விஷயம் தீர்ந்துவிட்டதாகச் செயலாளர் குறித்துவிட்டார் என்று எல்லாருக்கும் இரண்டாவது மெயில் போயிருக்கிறது. 'எங்கப்பாவைக் கேக்காம யாருங்க தீத்தது' என்று கேட்டிருந்தான். நியாயமான கேள்விதான். உடனே மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று சிவசாமிக்கு எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கேட்பதுதான் முறை என்பதால் எல்லார் பேருக்கும் சுழி போட்டு, 'சிவசாமி அவர்கள் வயலில் கோரைதான் பயிர் என்று நான் எழுதியதற்கு வருந்துகிறேன்' என்று எழுதினேன். அதுவரைக்கும் தெரியாமல் இருந்தவர்களுக்கும் அதன் மூலம் தெரிந்துபோயிற்று. சலாஹுதீன் மட்டும் நேரில் வந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி. "நீங்க எழுதுனதுல தப்பு இல்லண்ணே, ஆனா இந்தத் தடவை நாளைன்னா நாளைதான். ஞாயித்துக்கிழமை வண்டி வலங்கைமான் பக்கம் போவுது, அப்புறம் இந்தப் பக்கம் திரும்பாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிழக்கே இரண்டு நாளாக மூட்டம் போட்டிருக்கிறது. டிவியில் மழை என்கிறார்கள். நம் நெல் பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது, ஒரு மழை பெய்தால் படுத்துவிடும், படுத்தால் முளைத்துவிடும். உங்கள் மாமியார் என்னோடு பேசுவதில்லை, "எதுக்கும் ஷீட்லயே எழுதிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு தடவை சிவசாமி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே டிவி ஓடுகிறது, என் செருப்புச் சத்தம் கேட்டதும் சத்தத்தைக் கூட்டுகிறார். நெல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வயசுக்குமேல் அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்பதை உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆகையால் மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே அந்த ஷீட்டில் இருக்கிற கமெண்ட், நோட், முக்கோணம், சுழி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறியவும். முடிந்தால் ஷீட்டையே இல்லாமல் செய்துவிடவும். குவைத்திலும் சிங்கப்பூரிலும் போய்ச் சேர்ந்ததைத் திருப்பி வாங்க வழியுண்டா என்று உங்கள் ஆபீஸில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்கவும். செயலாளர் பதவியை நான் விட்டுவிடுகிறேன். இனி மிஷின் வரிசையை முன்போலவே கோயில் வாசலில் நின்று நேருக்கு நேர் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம், அதில் யாருக்கும் மனவருத்தம் வந்ததில்லை.

நீங்களும் பூர்ணிமாவும் காவிரித் தண்ணீர் கடைமடைவரை போவதுபோல் குறைவில்லாமல் நிறைந்து வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மாமியாரும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், உங்கள் இருவருக்கு மட்டும், எனக்கு இல்லை.

இப்படிக்கு,
தியாகேசன்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. கூரியர்காரர் வரும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து ஒன்றையும் அழித்துவிட வேண்டாம். விடியும்போதே சிவசாமி வந்து வாசலில் நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் கதவோரமாகவே நின்றேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, உங்கள் மாமியாரிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, "கோரைன்னு எழுதுனத அழிச்சுடாத தியாகு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மூணு வருஷமா வாடா வாடான்னு போன்ல கூப்புடுறேன், லீவு இல்ல, லீவு இல்லன்னான். ஊரே பாக்குற மாதிரி நீ எழுதிட்டேன்னதும் ராத்திரி டிக்கெட் போட்டுட்டான். வர்ற வாரம் வர்றான், வந்து அவனே நின்னு வயலைப் பாக்குறானாம்" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மூங்கிலை அவிழ்த்தாயிற்று. இப்போது மிஷின் அவர் வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது, மதியம் நம் வயலில் இறங்கும்.

இப்போது வேறு சிக்கல் வந்திருக்கிறது. தெற்குத் தெரு ராஜம்மாளின் மகன் தோஹாவில் இருக்கிறான், தாயார் தனியாகவே பயிர் வைக்கிறார். சிவசாமி வீட்டுச் சமாசாரம் எப்படியோ காதில் விழுந்து, நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "என் வயலப் பத்தியும் அந்தச் சுழி போட்டு ஏதாச்சும் கேவலமா எழுதுங்கண்ணே" என்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். நானும் போய் அவர் வயலைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன் மாப்பிள்ளை. ஒரு கோரை இல்லை, ஒரு கதிர் சாயவில்லை, வரப்பில்கூடப் புல் இல்லை. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.