போன் நம்பர்களின் காவலர்

மனிதர்களில் 'நம்மாளு' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் எந்த ஆபீஸின் பெயரைச் சொன்னாலும், யாருடைய பதவியைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "அவரா? நம்மாளு!" என்று குறுக்கே விழுவார். பேங்க் மேனேஜர் நம்மாளு. மருந்துக்கடைக்காரர் நம்மாளு. நேற்றுத்தான் மாற்றலாகி வந்து, இன்னும் பெட்டி படுக்கையைக்கூடப் பிரிக்காத புது அதிகாரியும் நம்மாளுதான். இத்தனை ஆட்களை வைத்திருக்கிறவர் நம் காரியத்துக்காக ஒருத்தரிடமாவது வாயைத் திறந்து கேட்பார் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் நீங்கள் ஏமாறுகிறீர்கள்.

எனக்குத் தெரிந்த நம்மாளு ஒரு பயிர்க் காப்பீட்டு முகவர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் விசிட்டிங் கார்டுகள் இடைவெளி இல்லாமல் அடுக்கியிருக்கும். சுவர் முழுக்க அவர் யார் யாருக்கோ கைகொடுக்கும் படங்கள். படத்தில் எதிராளியின் முகம் பாதிதான் தெரியும். இவர் பல் முழுசும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்று வரைக்கும் போன். "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு சார்? பொண்ணு பரீட்சை எழுதிட்டாளா? கணக்குல எவ்வளவு?" என்று ஊரில் உள்ள முழங்கால், பரீட்சை எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார். பயிர் என்ற சொல் மட்டும் அதில் வராது. கேட்டால், "தொழில் பேசினா உறவு கெட்டுடும்" என்பார்.

காப்பீட்டில் ஒரு விதி உண்டு. பயிர் அழிந்தால் கம்பெனியின் மதிப்பீட்டாளரும் வேளாண்மை அதிகாரியும் ஒரே நேரத்தில் வயலில் நின்று பார்த்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் பத்து நாளுக்குள். அதுவரைக்கும் விழுந்த பயிரில் கை வைக்கக் கூடாது. இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவைக்க வேண்டியது முகவரின் வேலை. இரண்டே போன். அவ்வளவுதான்.

சூறைக்காற்று ஓர் அம்மாவின் மக்காச்சோளத்தை முழுக்கப் படுக்கவைத்தது. கணவன் இல்லாதவர், கல்யாணம் ஆகாத ஒரு மகள். இழப்பீடு வந்தால்தான் அடுத்த விதைப்பு. இல்லையென்றால் தாயும் மகளும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டும். மறுநாள் காலையிலேயே முகவரிடம் வந்து நின்றார்.

"தம்பி, எல்லாம் படுத்துடுச்சு. அவங்களைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"அக்கா, ரெண்டு பேருமே நம்மாளுங்க. நீங்க கவலைப்படாம போங்க."

நான்காம் நாள் மறுபடியும் வந்தார்.

"சொன்னீங்களா தம்பி?"

"எடுத்தவுடனே சொல்லிட முடியுமாக்கா? மதிப்பீட்டாளர் வீட்டுல விசேஷம். வேளாண்மை சாருக்கு மனசு சரியில்ல. இந்த நேரத்துல வயலுக்கு வாங்கன்னு கூப்பிட்டா, இவன் காரியத்துக்குத்தான் பழகறான்னு நினைச்சுட மாட்டாங்களா?"

"காரியம் இல்லாம வேற எதுக்கு தம்பி அவங்க சம்பளம் வாங்கறாங்க?"

நம்மாளு காதில் விழாதது போலச் சிரித்தார். இந்தச் சிரிப்பில் அவருக்கு நல்ல பயிற்சி.

ஏழாம் நாள் கதிரெல்லாம் முளைவிட ஆரம்பித்தது. பன்றி இறங்கியது. அந்த அம்மா அழுதேவிட்டார். அப்போதுதான் நம்மாளு அந்தப் பொன்னான யோசனையைச் சொன்னார்: "நீங்க வெட்டி ஓரம் கட்டுங்கக்கா. கேட்டா நான் சொல்லிக்கறேன். நம்மாளுங்கதானே!"

பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு, பார்வையிடுவதற்கு முன் பயிரை வெட்டக் கூடாது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஒருத்தரிடம் உதவி கேட்பதைவிட விதியை மறப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

தாயும் மகளுமாகப் பாதி வயலை வெட்டினார்கள். ஒன்பதாம் நாள் மகள்தான் அரிவாளைக் கீழே போட்டாள். "அம்மா, அவரு எப்பச் சொல்லி, அவங்க எப்ப வர்றது? வா, நாமளே போய்க் கேட்கலாம்" என்று தாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கம்பெனி ஆபீஸில் மதிப்பீட்டாளர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். "எனக்கு யாரும் சொல்லலையேம்மா! நேத்துகூட உங்க முகவரு அரை மணி நேரம் பேசினாரே, என் தம்பி கல்யாணத்தைப் பத்தி" என்றார். உடனே வேளாண்மை அதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கமே கிடையாது. இருந்தாலும் என்ன? மறுநாள், அதாவது கடைசி நாள், காலை எட்டு மணிக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒருவர் நாடா பிடித்தார், ஒருவர் எழுதினார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கூடி வேலை செய்வது என்பது இவ்வளவுதான். இதற்காகச் சுவரில் படம் மாட்ட ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

ஆனால் வெட்டாமல் கிடந்த பாதிக்குத்தான் எழுத முடிந்தது. வெட்டிப் போட்ட பாதியைப் பார்த்து இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "இதை யாரும்மா வெட்டச் சொன்னது?" பாதி நிலத்தில் விதைப்பு நடக்கும். மற்ற பாதி இந்த வருஷம் குத்தகைக்குப் போகிறது.

நம்மாளுக்கு வருத்தமான வருத்தம்! வயலைப் பற்றி அல்ல. "என்னைத் தாண்டி நேராப் போயிட்டாங்களே! பன்னிரண்டு வருஷமாப் பொத்திப் பொத்தி வளர்த்த உறவு. இனி அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். கடவுளிடம் நாம் விடியும்போதும் கேட்கிறோம், படுக்கும்போதும் கேட்கிறோம்; அவர் ஒருநாளாவது பழக்கத்தை முறித்துக்கொண்டாரா? கேட்கக் கேட்கத்தான் நெருக்கம். இது அந்த மனிதருக்குப் புரியப்போவதில்லை.

நீங்கள் நன்றாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் அக்கா மகனின் வைத்தியத்துக்காக, உங்களுக்குத் தெரிந்த பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்களே, "சமயம் பார்த்துச் சொல்றேன்" என்றீர்களே, அது எத்தனை நாளாகிறது? இன்று விடிந்ததும் அதே டாக்டருக்கு ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் மட்டும் தவறாமல் அனுப்பிவிட்டீர்களாமே?